பாய்ப்படகின் ஓட்டையை நான் அடைத்த ஆடி மாதம்

1. மூக்கு ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம்

படகின் மூக்கு எங்கள் ரிசார்ட் கரையைப் பார்த்தபடி இருந்தது. படகோ அக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கால் மணி நேரமாக நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த வீணா மேடமும் அதைத்தான் பார்த்தார். அவர் பெங்களூர்க்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார், ரிசார்ட்டின் ஓனர். நான் போட் இன்சார்ஜ். இன்சார்ஜ் ஆகி அன்றோடு பத்து நாள்.

"முனியப்பா, மூக்கு அங்க நோடுது, நாம இங்க போறோம். ஏன்?"

"காத்து அப்படிங்க மேடம்."

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2. தெரியும் என்று சொன்னது

பென்னாகரம் பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீர் பின்னால் ஏறி நிற்கும் ஒரு குடாவின் கரையில் எங்கள் ரிசார்ட். கோடையில் தண்ணீர் இறங்கிவிடும், வெறும் சேறுதான். ஆடியில் ஏறினால் எங்களுக்கு சீசன். இன்சார்ஜ் ஆவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் நான் பரிசல் ஓட்டினேன். இங்கே சேர்ந்ததும் பரிசலுக்குத்தான்.

இதெல்லாம் நடப்பதற்கு முந்தின வருடம் மேடம் ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கினார். அதை ஓட்ட அந்தோணி என்று ஒரு தூத்துக்குடிக்காரர் வந்தார். விருந்தாளிகள் எல்லாரும் அந்த வெள்ளைப் பாய்க்குப் போனார்கள். என் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது, கோழிகள் அதன் நிழலில் படுத்தன. சீசன் முடிந்ததும் அந்தோணி ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் மேடம் கேட்டார்: "உனக்கு அத ஓட்டத் தெரியுமா? இல்லன்னா வேற ஆள் பாக்கறேன்."

பரிசல் வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? ஐம்பத்து நான்கு வயதில் வேறு எங்கே போவது? ஒரு சீசன் முழுக்கப் பார்த்திருக்கிறேன், கயிற்றை இழுத்தால் பாய் இறுகும், பின்னால் இருக்கும் சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

"தெரியுங்க மேடம்" என்றேன்.

3. சீசன் வேலை

பரிசல்காரன் சீசனுக்கு முன் செய்யும் முதல் வேலை ஓட்டை பார்ப்பது. பரிசலைக் கவிழ்த்து, சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒளி தெரியும் இடத்தில் எல்லாம் சாக்குத்துண்டு வைத்து, தார் உருக்கி ஊற்ற வேண்டும். ஓட்டையோடு பரிசலைத் தண்ணீரில் இறக்குகிறவனை நாங்கள் ஆளாகவே மதிப்பதில்லை.

பாய்ப்படகையும் அப்படித்தான் கவிழ்த்தேன். பகீரென்றது. நடு வயிற்றில் ஒரு முழ நீளத்துக்கு, விரல் நுழையும் அகலத்தில் பிளவு! உள்ளே பார்த்தால் அதைச் சுற்றிப் பெட்டி மாதிரி ஏதோ கட்டிவைத்திருந்தார்கள். அந்தோணி ஓட்டையை அடைக்கச் சோம்பல்பட்டுப் பெட்டி கட்டிச் சமாளித்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. சாக்கைத் திணித்து, தார் ஊற்றி, மேலே இன்னொரு கோட்டிங்கும் கொடுத்தேன். ஒரு சொட்டு ஒழுகாது.

படகோடு வழவழவென்று ஒரு நீளப் பலகையும் இருந்தது. கரையில் இறங்க வைத்துக்கொள்ளும் பலகை என்று எண்ணியிருந்தேன். ரிசார்ட்டுக்கு மீன் கொண்டுவரும் பெண் சின்னபாப்பா அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தப் பலக சும்மாதான கெடக்குது? மீன் அறுக்க எடுத்துக்கட்டுமா?" என்றது. கொடுத்துவிட்டேன்.

4. முதல் ஓட்டம்

மறுநாள் காலை மூன்று குடும்பங்கள் பிள்ளைகளோடு வருவதாக ஏற்பாடு. அதனால் அதற்கு முந்தின நாளே முதல் ஓட்டம், மேடத்துக்கு. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம். இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டோம். காற்று எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பாயை விரித்ததும் படகு கிளம்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மேடம் போட்டோ எடுத்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

குடாவின் நடுவில் திருப்பினேன். அங்கேதான் ஆரம்பித்தது. காற்றுக்கு எதிரே அந்தோணி வளைந்து வளைந்து வருவார். நானும் வளைந்தேன். ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் ரிசார்ட் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. பரிசலுக்கு மூக்கும் கிடையாது, முதுகும் கிடையாது. துடுப்பு போடும் பக்கம்தான் முன்பக்கம். அதனால் மூக்குள்ள ஒன்று மூக்கு பார்க்கிற பக்கம் போகாமலும் இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. சுக்கானைத் தள்ளினேன், இழுத்தேன். பாயை இறுக்கினேன், விட்டேன். நண்டு மாதிரி படகு பக்கவாட்டிலேயே போய், அக்கரையில் முழுகிக் கிடந்த வேலமரக் கட்டைகளை நெருங்கியது.

"நிஜ சொல்லு. உனக்கு இது தெரியுமா?"

"தண்ணி இழுக்குதுங்க மேடம்." அணையில் நிற்கிற தண்ணீர் எங்கே இழுக்கும்? எனக்கே வெட்கமாக இருந்தது.

5. பலகை வந்தது

வலை எடுத்துக்கொண்டிருந்த சின்னபாப்பா எங்களைப் பார்த்துத் தன் பரிசலைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"என்னாண்ணா, எங்க போறீங்க?"

"வூட்டுக்குத்தான்."

"வூடு அந்தாண்ட இருக்குதே!"

பாயைச் சுருட்டினேன். சின்னபாப்பா கயிறு கட்டி, துடுப்பு போட்டு எங்களை இழுத்தது. போகும்போதே படகுக்குள் எட்டிப் பார்த்து, "ஓட்டைய நல்லா அடச்சிருக்கீங்கண்ணா" என்றது. அதன் காலடியில் செதிலும் ரத்தமுமாக அந்தப் பலகை கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மூன்று பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கரை ஏறியதும் மேடம் அந்தோணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நடுப் பலகைய எறக்கினீங்களா?"

"எந்தப் பலகைங்க?"

"நடுவுல ஓட்டை இருக்குல்லா? அதுவழியா தண்ணிக்குள்ள எறக்குவோமே. அது இல்லன்னா படகு பக்கவாட்டுலதான் சறுக்கும். முன்னால போவாது."

சின்னபாப்பா மெதுவாகப் பரிசலுக்குப் போய்ப் பலகையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தது. ஒரு செதில்கூடக் கழுவவில்லை.

மேடம் திட்டவில்லை. "நாளைக்குப் பிள்ளைகள ஏத்தியிருப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

ஏற்றியிருப்பேன். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை என் வேலை போய்விடும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க மேடம். அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

6. உளி

மறுநாள் வந்த பிள்ளைகளைச் சின்னபாப்பாவோடு பரிசலில் அனுப்பினோம். மேடம் அந்தோணியைத் திரும்ப அழைத்தார். அந்த சீசன் முழுக்க அவர் இன்சார்ஜ், நான் ஹெல்பர். என்னைவிட இருபது வயது சின்னவரிடம் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது நான் மறுபடி இன்சார்ஜ். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: தெரியாததைத் தெரியாது என்று கரையிலேயே சொல்லிவிடுங்கள். நடுத்தண்ணீரில் சொன்னால் இன்னொருவர் வந்து இழுக்க வேண்டியிருக்கும்.

அந்தோணி திரும்பி வந்த அன்று என் கையில் உளியைக் கொடுத்து, "நீங்கதான் அடச்சீங்க, நீங்களே தொறங்க அண்ணாச்சி" என்றார். இருபத்திரண்டு வருடம் ஓட்டை அடைத்த கை அது. தாரைப் பெயர்த்தெடுக்க அரை நாள் ஆனது. அடி தெரியும்வரை உடைத்த பிறகு, நல்ல படகு ஒன்றில் என் கையாலேயே ஓட்டை போட்டுவிட்ட மாதிரி இருந்தது. பலகையை இறக்கினோம். படகு மூக்கு பார்த்த பக்கமே போனது.

இப்போதும் சீசனின் முதல் நாள் படகைக் கவிழ்க்கும்போது அந்தப் பிளவைப் பார்த்ததும் என் கை தார்ச்சட்டியைத்தான் தேடுகிறது. ஓட்டை இருக்கிற படகுதான் நேராகப் போகிறது. ஏன் என்று அந்தோணி நான்கு முறை சொல்லிக்கொடுத்தார். யாராவது கேட்டால், இன்னும் புரியவில்லை என்று உள்ளதையே சொல்கிறேன்.