மாமா திருத்தாத மெசின் வாள்

என் மாமாவுக்குக் கழட்டத் தெரியும், பூட்டத் தெரியாது. இது நான் சொன்னதல்ல, அம்மா சொன்னது. வீட்டுக்குள் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற பெண்கள் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். யாராவது பழுதான தண்ணீர்ப் பம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாசல் படலையடிக்கு வந்தால் போதும், அம்மா அகப்பையும் கையுமாக ஓடிப்போய் மறிப்பார்.

"என்ரை தம்பியிட்டையோ குடுக்கப் போறியள்? உள்ளதும் போயிடும். பேசாமல் திருப்பிக் கொண்டுபோங்கோ."

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. வடக்குக் கரையில் ஓர் ஆலையின் வேலைத்தளத்தில் இருந்தவர். சண்டையில் ஆலை மூடப்பட, ஆயுதப் பையைச் சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். ஆயுதப் பை என்றால் வேறொன்றும் இல்லை, குறடும் திருகுசாவியும் அரமும்தான். எங்கள் வீட்டுக்குள் அவர் தொட்டதெல்லாம் வேலை செய்தது. நின்றுபோன சுவர்மணிக்கூடு ஓடியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடியது. ஆனால் வெளியாள் வரும்போது அம்மா அந்த மணிக்கூட்டின் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்திவிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவேயில்லை. மாமாவோ வாய்க்குள் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவார். அவருக்கு ரோசமே இல்லையோ என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்த மாரியில் ஒருநாள் பெருங்காற்று அடித்து, எங்கள் பங்குக் கிணற்றடியில் நின்ற இலுப்பை வேரோடு சாய்ந்தது. நாலு வீட்டுக்கும் சொந்தமான கிணறு அது. மரம் தண்ணீர் அள்ளும் துலாவை முறித்துக்கொண்டு கிணற்றின் வாயில் குறுக்காக விழுந்து கிடந்தது. ஒரு வாளி இறக்கவும் இடமில்லை. மரம் தறிப்பவர்கள் எல்லாரும் பதுங்குகுழிகளுக்குக் குற்றி தறிக்கப் போயிருந்தார்கள். கெஞ்சிக் கூட்டி வந்த ஒருவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இழுவாள் பிடிக்க இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும், கிணற்றின் மேல் எவன் நிற்பான் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நாலு வீட்டுப் பெண்களும் கோயில் கிணற்றுக்கு நடந்தார்கள். என் இடுப்பிலும் ஒரு சின்னக் குடம் ஏறியது.

அப்போதுதான் பெரியப்பாவின் மெசின் வாள் பேச்சில் வந்தது. பெரியப்பா, அம்மாவின் மூத்த அக்காவைக் கலியாணம் முடித்தவர், பக்கத்து வளவில் இருந்தார். இளவயதில் வன்னிக் காட்டில் மரக் குத்தகை எடுத்தவர். சங்கிலியில் பல் வைத்து இயந்திரத்தால் ஓடும் வாள் ஒன்று, ஜெர்மன்காரன் செய்தது, அவரிடம் இருந்தது. அது பல வருடங்களாக அவருடைய கொட்டிலில் பசளைச் சாக்குகளுக்குக் கீழே கிடந்தது.

"உது செத்துப்போச்சு. செத்ததை எழுப்பேலாது" என்றார் பெரியப்பா.

மாமா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா முற்றத்தைப் பார்த்தார், படலைக்கு வெளியே ஒழுங்கையைப் பார்த்தார், கடைசியில் என் இடுப்புக் குடத்தைப் பார்த்தார்.

"சரி. ஆனால் கொட்டிலுக்கை இருந்து செய். அத்தானும் பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கட்டும்."

பெரியவருக்கு மரியாதை செய்கிறார் என்றே நினைத்தேன். பெரியப்பாவுக்கும் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. குறடு ஒன்றைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருந்து, காட்டில் யானை துரத்திய கதைகளைத் தொடங்கிவிட்டார்.

அந்த நாள்களைப் போல் நான் வேறு எப்போதும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்ததில்லை. புகை போகும் குழாய்க்குள் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. பிஸ்ரன் துருவேறி இறுகிக் கிடந்தது. மாமா அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தினமும் ஒரு மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டுவார். ஒருநாள் அது மயிரளவு அசைந்தபோது நான் துள்ளிய துள்ளலில் பெரியப்பாவின் தேநீர் கவிழ்ந்தது. கபிரேற்றருக்குள் இருந்த மெல்லிய றப்பர் பொரிந்துபோயிருந்தது. அதற்குப் பெரியப்பாவின் பழைய மழைக்கோட்டில் ஒரு வட்டம் வெட்டினோம். எண்ணெய்க் குழாய்க்குச் சேலைன் ரியூப். பொறி பறக்கும் முனைகளை நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்துத் துடைத்தார். சங்கிலியின் பற்களை ஒவ்வொன்றாக அரத்தால் தீட்டும்போது, வெள்ளிபோல மினுங்கிய பல்லை எனக்குத்தான் முதலில் காட்டுவார்.

பெற்றோல் வராத காலம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டித்தான் அவற்றை எழுப்புவார்கள். இந்த வாளுக்கு மண்ணெண்ணெயோடு இயந்திர எண்ணெயும் கலக்க வேண்டும். அதற்கு எங்கே போவது? அம்மாவே சமையலறைக்குள் போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு, கைநடுங்காமல் ஊற்றித் தந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை மாமா கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தார். இருமல் ஒன்று. மூன்றாம் முறை அது எழும்பியது! அப்படி ஒரு சத்தத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. என் நெஞ்சு அதோடு சேர்ந்து ஓடியது. நான் கைதட்டிக் குதித்துக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினால், அங்கே ஒரு குஞ்சு குருமானும் இல்லை.

"பொம்மர்! பொம்மர் வாறான்!" என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். குண்டுவீச்சு விமானம் என்று நினைத்து ஊரே பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டது. தபால்காரரின் சைக்கிள் நடுவழியில் சில்லு சுற்றச் சுற்றக் கிடந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான் குழி குழியாகப் போய்க் குனிந்து கத்தினேன்.

"பொம்மர் இல்லை! வாள்! மெசின் வாள்!"

"அப்ப என்னண்டு வடை பொரிக்கிற மணம் வருகுது?" என்று ஒரு குழிக்குள்ளிருந்து சந்தேகத்தோடு ஒரு குரல் கேட்டது. தேங்காய் எண்ணெய்ப் புகை ஊரெல்லாம் பரவியிருந்தது.

அதன்பிறகு ஊர் முழுவதும் கிணற்றடியில்தான் நின்றது. மரத்தில் வடம் கட்டி நாலு வீட்டு ஆண்களும் இழுத்துப் பிடிக்க, மாமா ஓரத்திலிருந்து துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போனார். "நெருக்காதை! அதின்ரை போக்கிலை போகவிடு!" என்று பெரியப்பா கதிரையில் இருந்து கட்டளையிட்டார். மரத்தூள் மழைபோலப் பறந்து என் தலையெல்லாம் மஞ்சளாகியது. கடைசித் துண்டு வடத்தில் தொங்கி ஆடி, கிணற்றுக்குள் விழாமல் கரைக்கு வந்தபோது எழுந்த கூச்சலைத் தேர்த்திருவிழாவில்தான் கேட்கலாம். யாரோ வாளியை இறக்கி முதல் தண்ணீரை அள்ளினார்கள்.

"ஆர் உதைத் திருத்தினது?" என்று தபால்காரர் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். வெங்காயம் மணக்கும் அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது.

"வேறை ஆர், அத்தான்தான்! காட்டிலை கிடந்து பழகின கையெல்லோ. உவன் பிடிச்சுக்கொண்டு நிண்டவன், அவ்வளவுதான்."

பெரியப்பா மறுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். மாமாவும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். நான் அன்று சோறு தின்னவில்லை.

அடுத்த கிழமை இரண்டு பெடியள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சண்டை பிடிக்கிற இயக்கத்துப் பெடியள். செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்று கதைத்தார்கள்.

"அம்மா, இஞ்சை பழைய மெசின் வாள் ஒண்டைத் திருத்தின ஆள் இருக்கிறாராம். எங்களுக்கு அப்பிடி ஆள் வேணும். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனாங்கள்."

அம்மா பெரியப்பாவைக் கூட்டிவந்து நிறுத்தினார். கண்ணில் வெண்படலம், கையில் நடுக்கம். பெடியள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவரை விட்டுவிட்டு வாளை மட்டும் காரியரில் கட்டினார்கள். புறப்படும்போது ஒருவன் முற்றத்து மூலையில் இருந்த மாமாவைக் கண்டான்.

"உவர் ஆர்?"

"என்ரை தம்பி. உவனுக்குக் கழட்டத்தான் தெரியும்."

அவன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது எழும்பவில்லை. திரும்பவும் உதைத்தான். பிறகு மாமாவைப் பார்த்து, "அண்ணை, ஒருக்கா இதைப் பாருங்கோவன்" என்றான்.

நான் முன்னுக்கு ஓடிவந்து நின்றேன். இதுதான் தருணம்! இந்த மாதிரி மோட்டார் சைக்கிளை மாமா கண்ணை மூடிக்கொண்டே எழுப்புவார். மாமா மெல்ல எழுந்து வந்தார். பிளக்கைக் கழற்றினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊதினார். மீண்டும் பூட்டும்போது அதன் திருகுப் புரியைக் கோணலாக ஏற்றி இறுக்கினார். அது பாதியில் சிக்கி நின்றது. மாமா தலையைச் சொறிந்தார்.

"பூட்டுப்படுகுதில்லைத் தம்பி" என்றார்.

"விடுங்கோ அண்ணை, விடுங்கோ, உள்ளதையும் கெடுத்துப்போடுவியள்" என்று அவன் சிரித்தான். இருவரும் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போனார்கள். என் முகம் வெட்கத்தால் எரிந்தது.

அவர்கள் மறைந்ததும் அம்மா முற்றத்து மணலில் அப்படியே குந்திவிட்டார். மாமாவின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். தம்பி இவ்வளவு ஆள்களுக்கு முன்னால் தோற்றுவிட்டானே என்று அழுகிறார் என எனக்கும் அழுகை வந்தது. கிட்டப் போய் மாமாவின் தோளைத் தொட்டேன்.

"பரவாயில்லை மாமா. அடுத்தமுறை வரேக்கை சரியாப் பூட்டுவியள்" என்றேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஓம் பிள்ளை, நான் இன்னும் பழகவேணும்" என்றார்.