டி.சி. வேண்டாம்

எங்கள் மகளுக்கு என் கணவர் பார்த்து வைத்திருந்த பெயர் ஆங்கிலத்தில் டி என்ற எழுத்தில் தொடங்கியது. அவருடைய பெயர் சி என்ற எழுத்தில். மும்பையில் பிள்ளையின் பெயரை எழுதி, அதற்குப் பின்னால்தான் அப்பாவின் பெயரை எழுதுவார்கள். அப்படியென்றால் பிள்ளை டி.சி. ஆகிவிடும். குர்லா ஸ்டேஷன் படியில் டி.சி. என்று இங்கே சொல்கிற டிக்கெட் பரிசோதகரின் கறுப்புக் கோட்டைக் கண்டாலே, பாஸ் பத்திரமாக இருக்கும்போதும் பதறிப்போய்ப் பையைத் துழாவுகிறவள் நான். எனக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு டி.சி.யா?

"ஊர்ல மாதிரி என் எழுத்த முன்னால போட்டுருவோம்ட்டி," என்றார்.

"அப்ப அது சி.டி. ஸ்கேன்," என்றேன்.

பத்து நாள் சண்டையில் தாராவியில் எங்கள் சந்தே இரண்டு கட்சியானது. கடைசியில் நான் சொன்ன பெயரைத்தான் பதிந்தோம்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. போன ஞாயிறு வாஷிக்குப் போகிற ரயிலில் ஒவ்வொரு இருக்கையாகப் போய் நின்று, "டிக்கெட் திகாவ்," என்று கையை நீட்டினாள். பெட்டியே சிரித்துக்கொண்டு எடுத்துக் காட்டியது. கடைசியாக என் முன்னால் வந்து நின்றாள்.

நான் பதறிப்போய்ப் பையைத் துழாவினேன்.