அண்ணியின் சிவப்புப் பூட்டு

என் அண்ணி எலக்ட்ரீஷியன். அண்ணன் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறான். வீட்டில் பல்பு ஃப்யூஸ் போனால் அவன் செய்யும் ஒரே வேலை, அண்ணியைக் கூப்பிடுவது.

அண்ணியைத் தொழிலில் எல்லோரும் 'மூணு தரம்' என்பார்கள். ஒரு வயரைத் தொடுவதற்கு முன் டெஸ்டரைக் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு தொடப்போகும் வயரில் வைப்பார். மறுபடியும் போய் அந்தப் பிளக்கில் வைப்பார். நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால்? ஒரு முறை அப்படித்தான் ஆயிற்று. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்த புதிதில், எரியாத டெஸ்டரை நம்பி வயரைப் பிடித்து, மூன்று நாள் இடது கை மரத்துக் கிடந்தாராம். பெண் என்று அந்தப் பட்டறையில் அவரைக் கம்பி சுற்ற மட்டும்தான் விட்டார்கள். ஒரு வருடத்தில் அவர் கட்டிய மோட்டார் ஒன்றுகூட ரிப்பேருக்குத் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, இப்போது ஊரில் பாதி வீடுகளின் மெயின் போர்டு அவர் கை பட்டது.

இப்படி ஒருவர் குடும்பத்தில் இருக்கும்போது நான் ஏன் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கினேன் என்று கேட்கலாம். திமிர்தான், வேறென்ன? நான் செருப்புக் கடையில் மேனேஜர். எதற்கெடுத்தாலும் "அக்காவக் கூப்பிடுங்க" என்று என் மனைவி சொல்வது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு ஒரு சின்ன நீச்சல் குளமும் வந்தது. பம்ப் ஓடாவிட்டால் தண்ணீர் பாசி பிடிக்கும். நான் காலையில் போட்டுவிட்டு அணைக்க மறப்பேன், இல்லையென்றால் போடவே மறப்பேன். ஒரு டைமர் வாங்கி, படத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே மாட்டினேன். பழைய கேபிளில் இரண்டு வயரும் ஒரே சாம்பல் நிறம். எதை எதில் மாட்டினால் என்ன, பம்ப் ஓடினால் சரி என்று நினைத்தேன். பச்சை வயர் ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சுருட்டி அழகாக டேப் ஒட்டி வைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பம்ப் தானாக ஓடியது, பத்து மணிக்குத் தானாக நின்றது. இரண்டு மாதம் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அண்ணி ஒரு சனிக்கிழமை சாப்பிட வந்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மணி பதினொன்று. பம்ப் நின்றிருந்தது.

"நீங்களேவா மாட்டுனீங்க தம்பி?"

"நானேதான். ஒரு நாளும் நேரம் தப்புனதில்ல."

அண்ணி டைமரைப் பார்க்கவே இல்லை. குனிந்து பம்பைப் பார்த்தார். வயர் சேரும் இடத்து மூடி ஒரே ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் அந்த ஞாயிற்றுக்கிழமை புல்லில் எங்கேயோ விழுந்துவிட்டன.

"பம்புக்குள்ள இலை சேர்ற இந்தக் கூடைய யார் எடுத்துக் கழுவுறது?"

"பாப்பாதான். அவளுக்கு அதுல ஒரு ஆசை."

பாப்பா என் மகள். பதினோரு வயது.

"எப்போ கழுவுவா?"

"டைமர் நின்னப்புறம்தான் அண்ணி. அந்த அளவுக்காவது எனக்கு விவரம் இருக்கு. முள்ளு பத்தத் தாண்டிடுச்சுன்னா பயப்படாம கைய விடுன்னு சொல்லியிருக்கேன்."

அண்ணி காரிலிருந்து இரண்டு முனை டெஸ்டரை எடுத்து வந்து, வராந்தா பிளக்கில் வைத்துப் பார்த்தார். எரிந்தது. நான் மிச்சமென்று சுருட்டி வைத்த பச்சை வயரின் டேப்பைப் பிரித்து அதில் ஒரு முனையை வைத்தார். நின்றுபோன பம்பின் வயர் முனையில் மறு முனையை வைத்தார்.

டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"நின்னுதான இருக்கு?" என்றேன்.

"ஓடல. அவ்வளவுதான். உங்க டைமர் கரண்ட் வர்ற வயர வெட்டல, திரும்பிப் போற வயர வெட்டுது. உள்ள இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் நிக்குது. மூடி தொறந்து கெடக்கு. பாடியில கசிஞ்சா கொண்டுபோய் மண்ணுல எறக்கிவிட இருந்த ஒரே வயரு, இந்தப் பச்ச. அதத்தான் சுருட்டி வச்சிருக்கீங்க."

வாரத்துக்கு இரண்டு தடவை, ஈரக் கையோடு, வெறுங்காலோடு பாப்பா அங்கே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நின்று "சபாஷ்" சொன்னவன் நான். திட்டுங்கள் என்று சொல்லத் தோன்றியது. அண்ணி திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"சோறு ஆறிடும், நீங்கல்லாம் சாப்பிடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, மெயின் போர்டில் குளத்துக்குக் கரண்ட் போகும் பிரேக்கரை இறக்கி, யாரும் மறுபடி ஏற்ற முடியாதபடி அதன் மேல் ஒரு சின்னச் சிவப்புப் பூட்டை மாட்டிப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"எங்கிட்ட குடுங்க அண்ணி, குனியும்போது விழுந்துடும்."

"கைய உள்ள விடறது நான். சாவி எங்கிட்டதான் இருக்கும். கட்டுன புருஷன் கேட்டாலும் கிடையாது."

பிறகு பம்பில் மறுபடி டெஸ்டர், மூன்று தரம். அதன் பின்தான் கை வைத்தார். குளத்திலிருந்து தள்ளி, கூரைக்குக் கீழே, காரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் புகாத பெட்டியொன்றைச் சுவரில் அடித்தார். வயர்கள் பெட்டியின் அடிப்பக்கமாக உள்ளே போயின. பம்ப் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை என் டைமர் அதிக நாள் தாங்காதாம். அதனால் டைமர் நேரத்தை மட்டும் சொல்ல, பக்கத்தில் ஒரு பெரிய சுவிட்ச் இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும்படி செய்தார். பச்சை வயர் பம்பின் உடம்பில் ஏறியது. கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும் பிரேக்கர் ஒன்றையும் போர்டில் மாட்டினார். கடைசியில் மூடிக்கு நான்கு ஸ்க்ரூவை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இத நீங்க போடுங்க. இந்தத் தடவ நாலும் உள்ள போகணும்."

போட்டேன். பூட்டைத் திறந்து கரண்ட் கொடுத்தார். புதுப் பிரேக்கரின் சோதனைப் பட்டனை அழுத்தச் சொன்னார். டப்பென்று விழுந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தம் கேட்டதில்லை. ஆறிப்போன சோற்றை அண்ணி ரசித்துச் சாப்பிட்டார். கிளம்பும்போது பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். பூட்டையும் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை கூடை கழுவும் நாள். டைமர் முள் பத்தைத் தாண்டியிருந்தது. பாப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மெயின் போர்டுக்குப் போய்ப் பிரேக்கரை இறக்கினாள், பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள்.

"சாவிய அப்பாகிட்ட குடுடா. தண்ணியில போட்டுடப் போற."

அவள் சாவியைப் பையில் போட்டுப் பித்தானையும் மாட்டினாள்.

"கைய உள்ள விடப்போறது நான்ப்பா."

எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். கூடையைக் கழுவி, திரும்ப வைத்து, மூடியை இறுக்கி, அவள் இரண்டு கைகளும் வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன்.