ஐரீனின் கோயிலில் ஒரு தகரக் கண்

ஞாயிறு காலை எட்டரைக்கு மில்லிக்கனில் வீட்டிலிருந்து புறப்பட்டோம். மகள் சுகந்தி கார் ஓட்டினாள். பக்கத்தில் எங்கள் அயல்வீட்டுக் கிரேக்கப் பெண் ஐரீன், என்னைவிட இளையவள். பின்னால் நான். என் வலக்கண் எப்போதோ போய்விட்டது. மிஞ்சிய இடக்கண்ணுக்குப் புதன்கிழமை ஒப்பரேசன். அதற்குமுன் தன் கோயிலுக்கு வரவேண்டும் என்று ஐரீன் ஒற்றைக்காலில் நின்றாள்.

டான்போர்த் பக்கம் அரைமணி ஓட்டம். காரை நிறுத்திவிட எட்டு டொலர். பெயர்ப்பலகை கிரேக்க எழுத்தில் இருந்தது. எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான்.

வாசலில் குனிந்தேன்.

"அம்மா, சப்பாத்தைக் கழட்டாதேங்கோ! உது சேர்ச்."

"கோயில் எண்டால் கோயில்தான்."

கழற்றி ஓரமாக வைத்தேன். ஐரீன் சிரித்தாள்.

உள்ளே மாதா படத்தின்கீழ் கம்பியில் தகரத் தகடுகள் தொங்கின: கால், கை, குழந்தை, கண். திகைத்துப்போனேன். எங்கள் அம்மாள் கோயிலில் நாங்கள் நேர்ந்து கொடுக்கிற வெள்ளிக் கண் மாதிரியே!

ஐரீன் ஆங்கிலத்தில் சொல்ல, சுகந்தி தமிழாக்கினாள். "அவவின்ர ஊரில மாதா கோயில் நிக்கிற இடத்தில முந்தி நோய் வருத்தம் மாத்திற சாமி ஒண்டு இருந்ததாம், பாம்பு சுத்தின தடியோட. வேதக்காரர் வந்து அவரை இடத்தை விட்டு எழுப்பிப்போட்டு மாதாவை வைச்சிட்டினமாம். இப்பவும் கிண்டினால் மண்ணால செய்த கண்ணும் காலும் வருகுதாம்."

"பாவம். அந்தச் சாமி இப்ப எங்கயாம்?"

"கதைப் புத்தகத்திலயாம்."

ஐரீன் கைப்பையிலிருந்து ஒரு தகரக் கண்ணை எடுத்தாள். எனக்காக நேர்ந்ததாம்.

"எனக்குக் கேக்க என்ர அம்மாள் இருக்கிறா எண்டு சொல்லு. நான் வேற ஆரிட்டயும் கையேந்தமாட்டன்."

ஐரீனின் முகம் வாடிவிட்டது. "அவ ஏற்கெனவே மாதாவிட்டக் கேட்டிட்டாவாம், அம்மா. இனிக் கட்டாட்டி அந்த நேர்த்தி அவவின்ர தலையிலதானாம்."

நேர்ந்ததைச் செய்யாமல் விட்டவளுக்கு நித்திரை வருமா? அது எனக்குத் தெரியாதா? கையை நீட்டித் தகட்டை வாங்கினேன். இடக்கண்ணில் ஒற்றிவிட்டுக் கொடுத்தேன். ஐரீன் அதை முத்தமிட்டாள். அவர்கள் வழக்கம் அது. பிறகு என்னைப் பார்த்தாள். தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக் கம்பியில் கட்டினாள்.

திரும்பும் வழியில் ஸ்காபரோவில் எங்கள் அம்மாள் கோயிலைக் கடந்தோம். அதுவும் முந்திச் சாமான் அடுக்கிய கட்டடம்தான். அங்கே எழுப்ப ஒரு சாமியும் இருக்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி. அம்மாளுக்குச் சொல்லியாயிற்று. மாதாவுக்கும் தெரியும். காரில் இருந்தபடியே அந்தப் பழைய சாமியையும் ஒருதரம் கும்பிட்டேன். கண் வைத்தியம் அவருக்குப் பழகின தொழில்தானே.