முதல் வரிசையில் ஒரு சிலுவை

தி.நகரில் நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு சின்ன டேட்டாபேஸ் மென்பொருள் விற்றது. சங்கத்து உறுப்பினர்கள், கடை வாடிக்கையாளர்கள் என்று தனியாட்கள் விவரம் சேர்த்துவைக்க உதவும். அதற்குத் தமிழில் தொடக்கக் கையேடு எழுதுவது என் வேலை. முன்பிருந்த கையேடு படுமோசம். 'பொருத்தமான விருப்பத்தைத் தேர்ந்து தொடரவும்' என்று அதில் ஒரு வரி. எது பொருத்தம் என்று தெரிந்தவன் கையேட்டை ஏன் பிரிக்கிறான்?

எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். எழுதியதைச் சோதிக்க இரண்டு கடைக்காரர்களை வரவழைத்தோம். கம்ப்யூட்டரில் அட்டவணையாக அடித்த விவரங்களை மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பாண்டி பஜார் ஜரிகைக் கடை பாய் அட்டவணையின் உச்சியில் 786 என்று அடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். மயிலாப்பூர் பாத்திரக்கடைக்காரர் பிள்ளையார் சுழி போட்டார். பெயர், முகவரி, போன் என்கிற தலைப்பெல்லாம் இருவருக்குமே அடுத்த வரிசையில்தான். ஆனால் அந்த மென்பொருள் முதல் வரிசையைத்தான் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அங்கே காலியாக இருக்கிற நெடுவரிசைகளை ஓசைப்படாமல் விட்டுவிடும். குறி பெயர் நெடுவரிசைக்கு மேலே இருந்ததால் இருவருக்கும் பெயர்கள் மட்டும் வந்தன, முகவரியும் போனும் போன இடம் தெரியவில்லை.

"இன்னா மேடம், அது போடாம ஆரம்பிக்க சொல்றீங்களா?" என்றார் பாய்.

நியாயமான கேள்வி. அன்றே கையேட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'உச்சியில் பிள்ளையார் சுழி, 786, சிலுவை எது போட்டிருந்தாலும், உள்ளே கொண்டுவருவதற்கு முன் அந்த வரிசையை நீக்கிவிடுங்கள்.'

மேனேஜர் அதை வெட்டினார். என்னைவிட வயதில் சின்னவர், அமரிக்கையாகப் பேசுவார். மதத்தை உள்ளே கொண்டுவந்தால் வம்பு என்றார். சரி, 'ஏதாவது குறி' என்று மாற்றுகிறேன் என்றேன். அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"விடுங்க மேடம். கையேட்டை எவன் படிக்கிறான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை எழுதுகிறவளிடமே சொல்கிறானே மனுஷன்! நான் கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வரி இல்லாமலே கையேடு வெளிவந்தது.

எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். ஓய்வு பெற்றவர், கணவரும் போய்விட்டார், தனியாள். பங்குக் கோயில் குடும்பங்களின் விவரத்தைத் தெருவாரியாக அவர்தான் வைத்திருந்தார். யார் வீட்டில் படுக்கையாக இருக்கிறார்கள், யாருக்குப் பூசையில் தரும் நன்மை அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஃபாதர் அவரைத்தான் கேட்பார். அதற்காகவே தினமும் புடவை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்புவார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றும்படி ஃபாதர் சொன்னதாகச் சொன்னார். முடியாவிட்டால் வேறொருவரிடம் போய்விடும் என்ற பயம் அவர் பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் மென்பொருளையும் கையேட்டையும் நான்தான் கொடுத்தேன். அட்டவணை அடித்து முடித்ததும் என்னைக் கூப்பிடுங்கள், சேர்ந்து ஏற்றலாம் என்றும் சொல்லியிருந்தேன்.

கூப்பிடவில்லை. கோயில் விவரம் பார்க்கிற வேலை டீச்சரிடமிருந்து கைமாறிவிட்டது என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடினேன். டீச்சர் வீட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். பெயர் மட்டும்தான் வருகிறது, திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியே என்றார். அவருடைய அட்டவணையைத் திறந்து பார்த்தேன். உச்சியில் கூட்டல் குறியால் போட்ட ஒரு சிலுவை. அதை நீக்கி மறுபடி ஏற்றினேன். எல்லா வீடும் முகவரியோடு வந்து நின்றது. அடக்கமாட்டாமல் அழுதுவிட்டேன்.

ஃபாதரிடம் நான் பேசட்டுமா என்றேன். வேண்டாம், கொடுத்தது கொடுத்ததுதான் என்றார்.

"ஏன் டீச்சர் என்னைக் கூப்பிடல?"

"நீ எழுதினதாச்சே. நல்லாத்தான் எழுதியிருந்த. எனக்குத்தான் வயசாகிப் புத்தி மழுங்கிடுச்சின்னு நெனச்சேன்மா."

தப்பு உங்களுடையது இல்லை, இதற்கென்றே ஒரு வரி இருந்தது, வெட்டிவிட்டார்கள் என்றேன். அவர் மேஜையிலிருந்த கையேட்டை எடுத்துப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம், ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது.

"இருந்திருந்தா படிச்சிருப்பேனே" என்றார்.