மொட்டைக்கறுப்பனுக்கு வெளிச்சம் பிடிக்காது

போன கிழமை, பொழுது படுகிற நேரம், ராமையா அண்ணை வீட்டுக்கு வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய இரண்டு நெற்பயிர். ஒன்றில் கதிர் தலை சாய்த்துத் தொங்கியது. மற்றதில் ஒன்றுமில்லை... வெறும் பச்சைத் தாள். இரண்டும் ஒரே வயல், ஒரே விதை, ஒரே நாளில் விதைத்தது.

"மச்சான் கலப்பு விதையைக் குடுத்து நம்மள ஏமாத்திப்புட்டான் தங்கச்சி" என்றார்.

ராமையா அண்ணை மலைநாட்டில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். ஜெயபுரத்தில் எங்கள் ஒழுங்கை திரும்புகிற மூலையில் அவருடைய வயல். விதை கொடுத்த மச்சான் பளையில் இருக்கிறார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் அவரிடம் நாலு கேள்வி கேட்கப் போவதாகச் சொன்னார். கேள்வியோடு நிற்காது என்று முகம் சொன்னது.

பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகள் தர்சிகா தலையை நிமிர்த்தினாள். அவள் வாயைத் திறக்கக் கூடாதே என்று எனக்குப் பயம்.

ஏன் என்று சொல்கிறேன்.

போன வருடம் தர்சிகா ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது, இந்த மூலையில் ரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோதி விழுந்தாள். மழைக்காலத்தில் எங்கள் மாடுகள் எல்லாம் தார் ரோட்டில்தான் படுக்கும். சூடு இருக்கும், நுளம்புக்கடி குறைவு. கறுத்த மாடு, கறுத்த தார், கறுத்த பொழுது. மாடு எழும்பிப் போய்விட்டது. பிள்ளை எழும்பவில்லை. கை முறிந்து, நெற்றி பிளந்து, அவளை ஆரோ மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கிய காட்சி... கை பொருந்திவிட்டது. நான் இன்னும் பொருந்தவில்லை. இப்போதும் ஆறு மணி தாண்டினால் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

ரியூசனை நிறுத்திவிடலாமா என்று கூட யோசித்தேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளையை வீட்டில் மறித்து வைத்தால், அதுவும் ஒரு முறிவுதானே? நிறுத்துவதில்லை, ரோட்டுக்கு வெளிச்சம் போடுவது என்று முடிவெடுத்தேன்.

அந்த நாட்களில்தான் பத்திரிகையில் ஒரு செய்தி. ஆசிய நாடுகளில் எல்.ஈ.டி விளக்குச் சந்தை வேகமாக வளர்கிறதாம். சீனா செய்கிறது, இந்தியா செய்கிறது, வியட்நாமும் செய்கிறது. செய்கிறவர்கள் கூடக் கூட விலை இறங்குகிறது. எனக்கும் பொருளாதாரப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பிறகு கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடைக்குள் போனால் – அந்தச் சந்தை எனக்கு முன்னரே வந்து சுவர் முழுக்கத் தொங்குகிறது. தலையில் கட்டுகிற லைட், கோழிக்கூட்டு லைட், கோயில் கோபுரத்துக்கு ஓடி ஓடி எரிகிற லைட், ஓட்டோவுக்கு அடியில் நீலமாக எரிகிற லைட்... அதற்குக் கீழே என்ன தேடுகிறார்களோ தெரியாது.

சோலர் தெரு லைட் எது நல்லது என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி யோசிக்கவேயில்லை.

"பெரிசை எடுங்கோ அக்கா. வெளிச்சம் கூடினா ஆருக்கு நட்டம்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மின்சாரமே இல்லாத வருடங்களில் படித்து வந்த ஆள் நான். வெளிச்சத்தில் கஞ்சத்தனம் பார்ப்பேனா? இருந்ததிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நடுவதற்கு மரம் தந்ததே ராமையா அண்ணைதான். தன் வயல் வரம்போடு குழி தோண்டி, பனங்குற்றியை நிறுத்தி, லைட்டையும் அவரே பூட்டினார். அன்று மாலை அது தானாகப் பற்றியபோது ரோட்டில் மாட்டின் கண் இமை கூடத் தெரிந்தது. என் வீட்டு வாசலில் நின்றால், தர்சிகா திரும்பி அந்த வெளிச்சத்துக்குள் வருவதும் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் அடுப்படிக்குப் போவேன்.

அவர் விதைத்தது மொட்டைக்கறுப்பன். எங்கள் பூநகரிப் பக்கத்துச் சிவப்பரிசி, பழைய இனம். பயிர் வளர வளர லைட்டுக்குக் கீழே உள்ள மூலை மட்டும் தனிப் பச்சையாக நின்றது. மற்றப் பக்கம் பச்சை கொஞ்சம் வெளிறியபோதும் அந்த மூலை மாறவில்லை. அண்ணைக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. உன் லைட்டு என் வயலுக்கு ராவும் பகலும் உரம் போடுது என்று என்னிடம் சொன்னார். பிறகு ஊருக்கெல்லாம் சொன்னார். தங்கள் வரம்பிலும் இப்படி ஒன்று பூட்டலாமா என்று இரண்டு பேர் என்னிடம் விலை கூட விசாரித்தார்கள். அந்தச் செழிப்பைப் பார்த்து, அடுத்த போகத்துக்கான விதை நெல்லை அந்த மூலையிலேயே எடுப்பதென்று அவர் கயிறு கட்டி ஒதுக்கியும் விட்டார்.

மார்கழியில் வயல் முழுக்கக் கதிர் தள்ளியது. அந்த மூலை மட்டும் தள்ளவில்லை.

நானும் கண்டேன். பச்சை எங்கே முடிகிறதோ அங்கேதான் லைட்டின் வெளிச்சமும் முடிகிறது. ஏனென்று எனக்குத் தெரியாது. சத்தியமாகச் சொன்னால், தெரிந்துகொள்ள ஆசைப்படவும் இல்லை. மகளின் உயர்தரச் சோதனைக்கு இன்னும் கன நாள் இல்லை. அந்த லைட் அங்கே நிற்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

இப்போது அண்ணை இரண்டு பயிரோடு எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். நான் மகளுக்குக் கண்ணைக் காட்டினேன் – பேசாதே என்று. அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"மாமா, விதையில பிழை இல்லை. அது எங்கட லைட்டால வந்தது."

பிறகு விளக்கினாள். மொட்டைக்கறுப்பன் மாதிரிப் பழைய நெல்லுக்கு நீளமான இரவு வேணுமாம். இரவு நீண்டுவிட்டது என்று அறிந்தால்தான் அது கதிர் தள்ளும். லைட் எரிகிற இடத்தில் இரவே வரவில்லை. அதனால் பயிர் இன்னும் வளருகிற காலம் என்று நினைத்துத் தாளை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கிறது. குறும்பகல் தாவரம் என்று ரியூசனில் படித்ததாம்.

அந்த வெளிச்சத்தில் போய்ப் படித்துவிட்டு வந்து, அந்த வெளிச்சத்துக்கே எதிராகச் சாட்சி சொல்கிறாள். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. வாயை வைத்துக்கொண்டு இருக்க மாட்டியோ என்று கேட்டும் விட்டேன், அவருக்கு முன்னாலேயே.

"சோதினையில கேட்டா எழுதுவன். மாமாவுக்குச் சொல்லாமல் விடுறதோ அம்மா?"

 

ராமையா அண்ணை அந்தப் பச்சைத் தாளை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல வேளை, மச்சானை அடிக்கல. ஊருக்கெல்லாம் உரம் போடுதுன்னு சொன்ன வாயை எங்க கொண்டு போய் வைக்கிறது?"

சிரிப்பு நின்றது. புள்ள வர்ற ரோட்டு, தெரியும் தங்கச்சி, ஆனா அது வெத நெல்லு என்றார். கழற்று என்று அவர் சொல்லவில்லை. நானே சொல்ல வேண்டுமென்று காத்திருந்தார்.

நான் சொல்லவில்லை. லைட் கழலாது, வயலும் கெடாது, ஒரு கிழமை தாருங்கோ என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நம்பிக்கை பிறகு வரும். முதலில் ஏணி வேண்டும்.

முதல் நாள் காட்போட் மட்டையை வெட்டி, வயல் பக்கத்து வெளிச்சத்தை மறைத்துக் கட்டினேன். விடியப் பனியில் நனைந்து கீழே கிடந்தது. அடுத்த நாள் பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டினேன். விரலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. மறுபடி ஏணி. அண்ணை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: பொழுது பட்டதும் வயலுக்குள் இறங்கிப் பயிரின் உயரத்துக்குக் குந்தி இருப்பது. பல்ப் தன் கண்ணுக்குத் தெரிந்தால் நெல்லுக்கும் தெரியும் என்பது அவர் கணக்கு. நான் மேலே நின்று தகரத்தை வளைக்க, கீழே ஏணியைப் பிடித்தபடி மகள். இருட்டுக்குள் இருந்து குரல் மட்டும் வந்தது.

"தெரியுது... தெரியுது... இன்னும் மடக்குங்க... அந்தா, போயிருச்சு."

வெளிச்சம் இப்போது ரோட்டில் மட்டும் விழுகிறது. இனி இருட்டுக் கிடைத்தால் அந்த மூலை பிந்தியாவது கதிர் தள்ளக்கூடும் என்கிறாள் மகள். அண்ணை காத்திருக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டுபோய் வேறு மூலையில் கட்டிவிட்டார். பூட்டலாமா என்று விலை கேட்ட இருவருக்கும் முதலில் தகரம் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. மறைப்புப் போட்ட பிறகு, ஒழுங்கைப் பக்கத்து வெளிச்சமும் போய்விட்டது; என் வாசலில் நின்றால் அந்த ரோட்டு மூலை தெரிவதில்லை. மகள் வெளிச்சத்துக்குள் வருகிற அந்தக் காட்சி எனக்கு இனி இல்லை. முந்தநாள் ஆறு மணி தாண்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். ஏறி அந்தத் தகரத்தைப் பிடுங்கினால் என்ன என்றுகூட ஒரு யோசனை. போகவில்லை. வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லைட் போட்டது பிள்ளை ரோட்டைப் பார்க்க. நான் பிள்ளையைப் பார்க்க அல்ல என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சைக்கிள் வந்து நின்றது.

"வெளிச்சம் காணுமோ பிள்ளை, இன்னும் கூட வேணுமோ?" என்றேன்.

"காணும் அம்மா" என்றுவிட்டு உள்ளே போனாள்.

ஆசியா முழுக்க விற்கிற லைட் பெட்டிகளில் எத்தனை வாற்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் – 'காணும்' என்று போட்ட பெட்டி ஒன்றை நான் இன்னும் காணவில்லை.