வெந்நீர்க் குண்டத்தில் பரமசிவம்

வடக்கே நாங்கள் பிழைக்க வந்த போசரியில், எங்கள் லைன் வீடுகளில் மங்கையர்க்கரசி அக்காவைப்போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. கேரள வைத்தியசாலையில் போய்ப் படுக்க எங்களில் யாருக்கு வசதி? மூட்டுவலி, இடுப்புவலி என்று யார் முனகினாலும் ஆள் சேர்த்து, எஸ்.டி. என்கிற அரசு பஸ்ஸில் ஏற்றி, பாலி என்ற சிற்றூருக்குப் பக்கத்திலுள்ள வெந்நீர்க் குண்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவாள். கட்டுச்சோறு அவள் பொறுப்பு. பூமிக்குள்ளிருந்தே சூடாக வரும் தண்ணீர் அது, கந்தக வாடை அடிக்கும். என் இடுப்பு அதில்தான் தேறியது, பொய் சொல்லக் கூடாது.

அவள் புருஷன் பரமசிவம் மட்டும் வந்ததே இல்லை. லேத் மெஷினில் நின்று வேலை பார்க்கிறவர், சர்க்கரை வியாதிக்காரர். தொண்ணூற்றெட்டில் பாதம் இரண்டும் மரத்துப்போயின. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடந்தார். ஒரு மாதத்தில் சரியாகி மெஷின் முன்னால் நிற்காவிட்டால் வேலை கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அக்கா டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த வாரமே அவரையும் பஸ்ஸில் ஏற்றினாள்.

அங்கே கால் மட்டும் நனைக்கிற குண்டம் ஒன்று உண்டு, சூடு அதிகம். நாங்களெல்லாம் விரலை விட்டதும் இழுத்துக்கொள்வோம். அக்கா அவர் பாதத்தில் நல்லெண்ணெய் தேய்த்து உள்ளே விடச் சொன்னாள். வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் அவள் தண்ணீரில் கை வைத்துப் பார்ப்பதில்லை. சூடு போதுமா என்று அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் விளாவுவாள். பதினெட்டு வருஷப் பழக்கம். அன்றும் அவரைத்தான் கேட்டாள்.

“ஏங்க, சூடு தெரியுதா?”

“தெரியுது மங்கை. சுகமா இருக்குது.”

அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். காலுக்கு உணர்ச்சி வந்துவிட்டது என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் மடச்சி மாதிரி, அண்ணனுக்கு எவ்வளவு தெம்பு என்று சிரித்துக்கொண்டு நின்றேன். காலை எடுத்தபோது தோல் வழன்று வந்தது.

இருபது நாளில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலையும் போனது. ஆஸ்பத்திரியில் என் முன்னாலேயே அக்கா அவரைக் கேட்டாள்.

“சூடு தெரியுதுன்னு சொன்னீங்களே?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒண்ணுமே தெரியலை. நீ அவ்வளவு ஆசையா கேட்டே.”

அதன்பின் அக்கா யாரையும் எங்கும் கூட்டிப்போகவில்லை. பரமசிவம் இன்னும் எட்டு வருஷம் இருந்தார். வலி இல்லை என்று அவர் சொன்ன ஒரு நாளைக்கூட அவள் நம்பவில்லை.